அம்மாவின் இரைச்சல்

அத்தியாயம் 11

ஆர்னி எழுந்தான். போர்வையை மடித்தான். மாடியிலிருந்து இறங்கி, வாசற்படியில் விழுந்திருந்த பனியைத் தள்ளி, உப்புத் தூவினான். உள்ளே வந்து, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு முன்னால் நின்றபடியே ஒரு கிண்ணம் ஓட்ஸ் கஞ்சி சாப்பிட்டான். கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தான். சனிக்கிழமை. வேலை இல்லை. எனவே உட்கார்ந்தான்.

மார்ச் மாதத்திலிருந்து இப்படித்தான். இப்போது நவம்பர்.

மார்ச்சில் அவன் மனைவி மாரிட் இறந்துபோனாள். பள்ளிப் பேருந்து ஓட்டியவள். பிள்ளைகளை எல்லாம் இறக்கிவிட்டு, பேருந்தைக் கொட்டகையில் நிறுத்தி, சாவியைக் கழற்றி, இருக்கையிலேயே சாய்ந்துவிட்டாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்தது என்றார்கள். அவர்கள் குடியிருந்தது ஆர்னியின் அம்மா வீட்டு மாடியில். அன்று காலை அவள் வீட்டிலிருந்து கிளம்பியபோது ஆர்னி முன்னறை சோபாவில் தூங்கிக்கொண்டிருந்தான். இரவெல்லாம் பனி அள்ளும் வண்டி ஓட்டிவிட்டு வந்த தூக்கம்.

அடக்கத்துக்கு முந்தின நாள் அஞ்சலி செலுத்த வரிசையில் வந்தவர்கள் எல்லோரும் அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே கேள்வி கேட்டார்கள். "கடைசியா என்னப்பா சொன்னா?"

ஆர்னி பதில் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற அக்கா கரினுக்கு மௌனம் ஆகாது. யாராவது பேசாமல் நின்றால் அவளுக்கு மூச்சு முட்டும். "'ஆர்னியைப் பார்த்துக்கோங்க'ன்னு சொன்னாளாம்" என்று சொல்லிவிட்டாள்.

போதகர் அதைப் பிரசங்கத்தில் சேர்த்தார். ஊர்ப் பத்திரிகை கட்டம் கட்டிப் போட்டது. இப்போது கல்லறைக் கல்லில் பொறிக்கப் போகிறார்கள். நிலம் உறைவதற்குள் கல்லை நட வேண்டும், திங்கட்கிழமைக்குள் வாசகத்தை உறுதி செய்யுங்கள் என்று கல் வேலைக்காரர் போன் மேல் போன் போடுகிறார்.

மாரிட் அப்படியெல்லாம் பேசுகிறவள் இல்லை. அது ஆர்னிக்குத் தெரியும். வேறு என்ன சொன்னாள் என்பது தெரியாது. கையில் உண்மை இல்லாமல் ஒரு பொய்யை எப்படி மறுப்பது? அவனும் எடுத்த போனை எல்லாம் "யோசிச்சு சொல்றேன்" என்று வைத்துக்கொண்டிருந்தான்.

இதற்கு நடுவில்தான் போன வாரம் அம்மா விவகாரம் வெடித்தது.

அம்மா வெர்னா அந்த ஊர் லூத்தரன் சர்ச்சில் ஆர்கன் வாசிப்பவள். வயது அறுபத்தாறு. அப்பா போய்ப் பல வருடம் ஆயிற்று. ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் வெள்ளிக்கிழமைகளில் போர்வை தைக்கும் குழுவுக்கு என்று சொல்லி டுலூத் நகரத்துக்குக் காரோட்டிப் போய்வருவாள். அந்தக் குழுவைச் சேர்ந்த ஒரு பெண்மணி கடையில் கரினைப் பார்த்து, "வெர்னாவுக்கு உடம்பு சரியாயிடுச்சா? ஒரு வருஷமா ஆளைக் காணோமே" என்று கேட்டுவிட்டாள்.

கரின் ஒரே ஒரு முடிவுக்குத்தான் வந்தாள். டுலூத்தில் ஆள் இருக்கிறான்.

வெளியே கார் ஒலிப்பான் அலறியது. கரின்தான். அந்த ஊரில் வேறு யாரும் ஒலிப்பானைத் தொடமாட்டார்கள்.

"டேய், வண்டியில ஏறு."

"எங்க போறோம்?"

"எங்கயும் போகல. ஏறி உக்காரு. ஒண்ணு கேக்கணும்."

அவள் மடியில் ஒரு அட்டைப்பெட்டி. அது நிறைய கேசட்டுகள்.

சர்ச்சுக்கு வர முடியாத கிழவர்களுக்கும் நோயாளிகளுக்கும் ஞாயிறு ஆராதனையைக் கேசட்டில் பிடித்து வீட்டுக்கு அனுப்புவார்கள். வாரம் முழுக்கக் கேட்டுவிட்டுச் சனிக்கிழமை திருப்பிக் கொடுப்பார்கள். அதை அழித்துவிட்டு அதிலேயே அடுத்த ஆராதனையைப் பிடிப்பார்கள். இந்த மாதம் கொடுத்து வாங்குவது கரின் முறை.

"ஒவ்வொரு வீடா போய் வாங்கிட்டு வரேன். எல்லார் வீட்டுலயும் ஒரே பேச்சு."

"என்னவாம்?"

"'வித்தியாசமா இருந்துச்சு'ன்றாங்க."

ஆர்னி நிமிர்ந்து உட்கார்ந்தான். அவர்கள் ஊரான பைன் லாண்டிங்கில் சாப்பாடு வாயில் வைக்க முடியாமல் இருந்தாலும் 'வித்தியாசம்' என்பார்கள். மருமகன் ஜெயிலுக்குப் போனாலும் அப்படித்தான். அதைவிடக் கடுமையான வார்த்தை அந்த ஊரில் புழக்கத்தில் இல்லை.

"எல்லாருமேவா சொன்னாங்க?"

"எல்லாரும். மிஸஸ் லிண்ட்கிரன் என் கையைப் புடிச்சுக்கிட்டு, 'இளவட்டங்களுக்கும் ஏதாவது வேணும்தானேம்மா'ங்கறா. கண்ணு கலங்கி நிக்கறா. எழுந்து நின்னு சொல்ற விசுவாசப் பிரமாணம் எந்த இடத்துல வரும்னு தெரியாம கேசட் பூரா எழுந்தே நின்னாளாம். வாக்கரைப் புடிச்சுக்கிட்டு!"

கிடாரும் டிரம்ஸும் வைத்துப் புதுமாதிரி ஆராதனை நடத்தலாமா என்று அந்தச் சர்ச்சில் ஒரு வருடமாகச் சண்டை. வீட்டோடு கிடந்த கிழவர்கள் அது வந்தேவிட்டது என்று நினைத்திருக்கிறார்கள். நினைத்து, பயந்து, ஒரு வார்த்தை குறை சொல்லாமல் கேட்டு முடித்திருக்கிறார்கள்.

கரின் ஒரு கேசட்டைக் காரில் போட்டாள்.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு ஒரு முனகல். ம்ம்ம் என்று ஒரே சுதியில் போய்க்கொண்டே இருந்தது. அதற்கு மேல், சற்றுத் தள்ளி, யாரோ மரம் அறுத்தார்கள். இழுத்து, விட்டு, மறுபடி இழுத்து. அவ்வளவுதான். வேறு எதுவும் வரவில்லை.

"மிஷின் கெட்டுப்போச்சுன்னு நெனைக்கறேன்" என்றாள் கரின்.

முனகல் சட்டென்று நின்றது. ஒரு விக்கல். மரம் அறுப்பவர் மட்டும் நிறுத்தவில்லை.

"அக்கா, இது நம்ம ஃபிரிட்ஜ்."

"என்னடா உளர்ற?"

"அம்மா வீட்டு ஃபிரிட்ஜ்தான். நிக்கும்போது விக்கும். தினமும் கேக்கறேனே."

கரின் கேசட்டை வெளியே எடுத்து, அது ஏதோ கடிக்கும் பிராணி என்பதுபோலப் பார்த்தாள். பிறகு பெட்டியில் போட்டாள்.

"வா, அம்மாவையே கேப்போம். ஆளைப் பத்தியும் சேர்த்துக் கேட்டுடுவோம்."

*

சனிக்கிழமை காலை அம்மா சர்ச்சில் பயிற்சி செய்வாள். கரின் முதலில் கீழ்த்தளத்துக்குப் போய், பெட்டியை, கேசட் வேலையைப் பார்க்கும் கிளாரன்ஸின் மேசையில் வைத்துவிட்டு வந்தாள். வைக்க வேண்டியதை வைக்க வேண்டிய இடத்தில் வைக்காமல் அவளால் சண்டைகூடப் போட முடியாது.

மாடத்தில் ஆர்கன் ஒலித்துக்கொண்டிருந்தது. அம்மாவின் கைகள் மடியில் இருந்தன. காலால் மிதித்து வாசிக்கும் கட்டைகளின் மேல் இரண்டு பாட்டுப் புத்தகங்களை அடுக்கி வைத்திருந்தாள். ஒரே கனத்த சுரம். ஜன்னல் கண்ணாடிகள் நடுங்கின. அம்மா கண்ணை மூடிக்கொண்டு, சூடான தண்ணீர்த் தொட்டியில் இறங்கியவளைப்போலச் சாய்ந்திருந்தாள்.

"அம்மா!"

அம்மா குனிந்து புத்தகங்களை எடுத்தாள். நின்ற பிறகுதான் அது எவ்வளவு பெரிய சத்தம் என்று தெரிந்தது.

"என்ன, ரெண்டு பேரும் சேர்ந்து? யாருக்கு என்ன ஆச்சு?"

"யாரு அந்த ஆளு?" என்றாள் கரின்.

"எந்த ஆளு?"

"டுலூத்ல. மறைக்காதே. நீ தையலுக்குப் போறதே இல்லன்னு எனக்குத் தெரியும்."

"ஓ, அதுவா. ஒருத்தர் இல்லடி. ஆறேழு பேரு."

கரின் பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒருத்தன் வெல்டிங் பண்றவன். ஒருத்தி பல் டாக்டர்கிட்ட வேலை பாக்கறா. மூடிப்போன செருப்புக் கடைக்கு மேல ஒரு ரூம். மடக்கு நாற்காலி போட்டு உக்காருவோம். அந்த வெல்டர் ரம்பத்துல மைக்கை ஒட்டி, வயலின் வில்லால தேய்ப்பான். ஒரே தேய்ப்பு. நேரா பல்லுல போய் இறங்கும். அவ்ளோ நல்லா இருக்கும்!"

"எது நல்லா இருக்கும்?"

"அந்தச் சத்தம்தான்."

"அப்புறம் பாட்டு எப்ப வரும்?"

"வராது."

"வராதுன்னா?"

"வரவே வராது. அதுக்குத்தானே போறோம்."

அம்மா கைப்பையைத் திறந்து காட்டினாள். உதட்டுச் சாயம், மூக்குக் கண்ணாடி, இருமல் மிட்டாய். அவற்றுக்கு நடுவே ஜெராக்ஸ் எடுத்த அட்டையோடு கேசட்டுகள். ஒசாகாவிலிருந்து வந்ததில் ஒரு கடைவாய்ப் பல்லின் படம் இருந்தது. பெயர் 'பல்வலி: நான்கு பாகங்கள்'.

"மூணாவது பாகம் ரொம்ப விசேஷம்" என்றாள் அம்மா.

ஆர்னிக்கு ஒன்று விளங்கியது. பனி தள்ளும்போதெல்லாம் அம்மா காதில் எதையோ மாட்டிக்கொண்டு தலையை ஆட்டிக்கொண்டிருப்பாள். "பிரசங்கம்தானே கேட்டுட்டிருந்த?"

"நீங்களா நெனச்சுக்கிட்டீங்க. நான் சொல்லலையே."

"ஏம்மா இப்படி?" கரின் குரல் உடைந்தது. ஆள் இருந்திருந்தால் அவளுக்கு இதைவிடச் சுலபமாக இருந்திருக்கும்.

"நாப்பது வருஷமா நான் வாசிக்கறேன், ஊரே கூடப் பாடுது. ஒருத்தராவது சுதியில பாடியிருக்கீங்களா? உங்கப்பா பாடினாரா? அங்க யாரும் கூடப் பாட மாட்டாங்கடி. நிம்மதியா இருக்கு."

"அம்மா," என்றான் ஆர்னி. "கிழவங்களுக்குப் போன கேசட்ல நம்ம ஃபிரிட்ஜ் இருக்கு."

அம்மா கைப்பையை மூடினாள். மூடிய கை அப்படியே நின்றது.

"எந்த கேசட்?"

கரின் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் அம்மா ஆர்கன் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டாள்.

"எவ்வளவு தூரம் கேட்டே, ஆர்னி?"

"கொஞ்சம்தான். ஃபிரிட்ஜ், அப்புறம் மரம் அறுக்கறது."

"அது மரம் இல்ல. நீதான். சோபாவுல தூங்கிட்டிருந்தே."

ஆர்னி அம்மா பக்கம் திரும்பினான்.

"அன்னிக்குக் காலையில எடுத்தது" என்றாள் அம்மா. "மார்ச்ல. அன்னிக்கு."

கரின் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தாள்.

அம்மா மெதுவாகச் சொன்னாள். டுலூத் கூட்டத்துக்காக ஃபிரிட்ஜ் முனகலைப் பிடிக்க, அதன் மேல் ரெக்கார்டரை ஓடவிட்டுவிட்டு அவள் வெளியே பனி தள்ளப் போயிருக்கிறாள். அறையில் இருந்தால் தன் மூச்சும் பதிவில் விழுந்துவிடும் என்று எப்போதும் வெளியே போய்விடுவாள். மாரிட்டுக்கு அது தெரியும். ரெக்கார்டரில் சிவப்பு விளக்கைப் பார்த்தால் சும்மா போகமாட்டாள். கிட்டே வந்து ஏதாவது சொல்லிக் கெடுத்துவிட்டுத்தான் போவாள். அன்றைக்கும் சொல்லியிருக்கிறாள்.

"என்ன சொன்னா?"

"தெரியாதுடா. 'வெர்னா'ன்னு கூப்பிடுவா. அதோட நிறுத்திடுவேன். அதுக்கு மேல என்னால முடியல. போன வாரம் புதன்கிழமை, இங்க யாரும் இருக்க மாட்டாங்க, எப்படியாவது கேட்டுடலாம்னு எடுத்துட்டு வந்தேன். கீழ கேசட்டைக் காப்பி எடுக்கற மிஷின்லதான் போட்டேன். அப்பவும் முடியல. ஆரம்பத்துக்குச் சுத்திவிட்டேன். கதவைச் சாத்திட்டு வீட்டுக்கு வந்துட்டேன்."

"மிஷின்லயே விட்டுட்டியா?"

"விட்டுட்டேன்."

"என்கிட்ட ஏம்மா சொல்லல?"

"சொன்னா நீ கேப்பியோ, மாட்டியோ. கேட்டா என்ன ஆவியோ. கேக்காட்டி என்ன ஆவியோ. எனக்குத் தெரியல, கண்ணு."

கீழ்த்தளத்திலிருந்து 'ப்ர்ர்ர்' என்று ஒரு சத்தம் வந்தது. கரினின் முகம் வெளிறியது.

"கிளாரன்ஸ்" என்றாள்.

மூன்று பேரும் படியில் ஓடினார்கள்.

கிளாரன்ஸ், கேசட்டுகளை அழிக்கும் கறுப்புக் காந்தப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் கேசட்டுகள் அழகாக அடுக்கியிருந்தன. "எல்லாம் சுத்தம்!" என்றார் சத்தமாக. "புதுசு மாதிரி ஆயிடுச்சு."

"கிளாரன்ஸ், போன ஞாயித்துக்கிழமை மிஷின்ல ஒரு கேசட் இருந்துதே," என்றாள் அம்மா. "நீல மூடி போட்டது?"

"ஆமா. போதகர் பிரசங்கம். எல்லாருக்கும் காப்பி எடுத்து அனுப்பினேனே."

"கேட்டுப் பாத்தீங்களா?"

"எனக்குத்தான் காது சரியா கேக்காதே, வெர்னா. அதனாலதானே எனக்கு இந்த வேலை கொடுத்தாங்க. போன் பண்ணி 'இந்த வாரமும் அதே மாதிரிதானா'ன்னு கேக்கறாங்கன்னா பாத்துக்கோ. நல்ல வரவேற்பு."

"அந்த நீல கேசட் எங்க?"

"அதையும் அழிச்சாச்சு. நல்ல டேப்பு, எதுக்கு வீணாக்கணும்?"

ஆர்னி சுவரைப் பார்த்தான். ஒரு மனிதன் கத்தவேண்டிய நேரம் அது.

"ரொம்ப நன்றி, கிளாரன்ஸ்" என்றான்.

"இதுல என்னப்பா இருக்கு" என்றார் கிளாரன்ஸ்.

கரின் விரலால் கேசட்டுகளைத் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். திடீரென்று நிமிர்ந்தாள்.

"ஒண்ணு குறையுது! வில்ஹோ நீமி! 'இன்னும் கேட்டு முடிக்கல, அடுத்த வாரம் தரேன்'னு போன் பண்ணிச்சு அந்தக் கிழம்!"

*

வெறுங்கையோடு ஒரு வீட்டுக்குப் போகக்கூடாது என்று அம்மா பிடிவாதம் பிடித்தாள். சர்ச் சமையலறைக் குளிர்ப்பெட்டியிலிருந்து ஒரு தட்டு எலுமிச்சை கேக்கை எடுத்துக்கொண்டு பின்சீட்டில் ஏறினாள். யாருடைய கேக் என்று தெரியாது. திருடிக்கொண்டு போனாலும் வெறுங்கையோடு போகவில்லை.

"மாரிட்டுக்கு மட்டும் எப்படித் தெரியும்?" என்றாள் கரின், சாலையைப் பார்த்தபடி. "உன் ரம்பம் வாசிக்கற கூட்டம்."

"முதல் தடவை ஒரே மூடுபனி. அவதான் ஓட்டிட்டு வந்தா. உள்ள வந்து உக்காந்து நல்லாத் தூங்கினா. வரும்போது, 'வெர்னா, இது சத்தம். ஆனா நீங்க சிரிச்சுட்டே இருந்தீங்க, அடுத்த தடவையும் ஓட்டறேன்'னா."

"மருமககிட்ட சொல்லத் தெரிஞ்சுது. பெத்த பொண்ணுகிட்ட சொல்லத் தோணல."

"நீ ஊர் பூரா சொல்லுவ."

"நானா?"

கரின் கொஞ்ச தூரம் மௌனத்தைத் தாங்கினாள். பிறகு முடியவில்லை.

"டேய் ஆர்னி. ஒருவேளை நான் சொன்னதையே அவளும் சொல்லியிருந்தா?"

"சொல்லியிருக்க மாட்டா."

"ஒருவேளைன்னுதானே சொல்றேன். கல்லு வேலை சுலபமா முடிஞ்சிடும்."

வில்ஹோவின் வீட்டுப் பாதை சேறும் பனியுமாகக் கிடந்தது. கரின் எப்போதும் சாலையோரத் தபால் பெட்டியிலேயே கேசட்டைப் போட்டுவிட்டுப் போய்விடுவாள். அதனால் கிழவரை நேரில் பார்த்ததில்லை. இன்று கார் சறுக்கிச் சறுக்கி வாசல்வரை போனது.

வில்ஹோ கதவைத் திறந்தார். எண்பது தாண்டிய உருவம். ஒரு கையில் ஊன்றுகோல். ஃபின்லாந்திலிருந்து வந்த குடும்பம்; வார்த்தைகளை மிச்சம் பிடிப்பவர்.

"பனி வரும்" என்றார்.

"வரும்போலத்தான் இருக்கு" என்றாள் அம்மா.

உள்ளே போய் உட்கார்ந்தார்கள். மேசைமேல் ஒரு கேசட் ரெக்கார்டர். அதற்குள் கேசட் இல்லை. ஆர்னி அதையே பார்த்தான்.

"காபி?" என்றார் வில்ஹோ.

"ஐயோ, வேண்டாம், உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்றாள் அம்மா.

அம்மாவைப்போன்ற நார்வே வம்சத்தவர் வீட்டில் இதற்கு அர்த்தம் வேறு. முதல் தடவை வேண்டாம் என்பார்கள். இரண்டாம் தடவை, போட்டிருந்தால் மட்டும் கொடுங்கள் என்பார்கள். மூன்றாம் தடவை, அரைக் கோப்பை போதும் என்று சொல்லி முழுசாகக் குடிப்பார்கள்.

"சரி" என்றார் வில்ஹோ. தனக்கு மட்டும் ஊற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

அம்மா அவர் குடிப்பதைப் பார்த்தபடி இருந்தாள். கரின் அவள் காதோரம் குனிந்தாள். "அம்மா, ஃபின்லாந்துக்காரங்ககிட்ட ஒரே தடவைதான். வேணும்னா வேணும்னு சொல்லணும்."

"எப்படிடி வெட்கமில்லாம சொல்றது?"

வில்ஹோ ஒரு கேக்கை எடுத்தார். யாரும் உபசரிக்கக் காத்திருக்கவில்லை.

"அந்த கேசட்," என்று ஆரம்பித்தாள் அம்மா. "இந்த வாரம் வந்தது. தப்பா அனுப்பிட்டாங்க."

"நல்லா இருக்கு" என்றார் வில்ஹோ.

அம்மாவின் கன்னம் சிவந்தது. "நிஜமாவா?"

"பிரசங்கம் இல்ல. தினமும் ரெண்டு தடவை கேக்கறேன்."

"எந்த இடம் புடிச்சிருந்துது?" அம்மா நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள். செருப்புக் கடை மாடிக்கு வெளியே அவளுக்குக் கிடைத்த முதல் ரசிகர். எதற்கு வந்தோம் என்பதே மறந்துபோயிற்று.

"மரம் அறுக்கற இடம். பச்சை மரம். ரம்பம் மொக்கை."

"அது இவன் குறட்டை!"

வில்ஹோ ஆர்னியை நிதானமாகப் பார்த்தார். "டாக்டர்கிட்ட காட்டு" என்றார்.

கரின் இருமினாள். அந்த இருமல் ஒரு உதை மாதிரி இருந்தது. வில்ஹோவுக்கு ஏதோ புரிந்தது. மேசை இழுப்பறையைத் திறந்து கேசட்டை எடுத்து ஆர்னி பக்கம் நீட்டினார்.

"வேணும்னா எடுத்துக்கோ."

ஆர்னியின் கை எழுந்தது. அதற்குள் வாய் முந்திக்கொண்டது. பிறந்ததிலிருந்து பழகிய வாய்.

"பரவாயில்ல, உங்களுக்குப் புடிச்சிருக்குன்றீங்க, நீங்களே வெச்சுக்கோங்க."

"சரி" என்றார் வில்ஹோ.

கேசட்டைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். பைக்குப் பொத்தான் இருந்தது. அதையும் போட்டார்.

மேசைக்கடியில் கரின் அவனை உண்மையாகவே உதைத்தாள். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். வில்ஹோ இரண்டாவது கேக்கை எடுத்தார்.

"மிஸ்டர் நீமி, அது வந்து, அவன் என்ன சொல்ல வந்தான்னா..." கரின் தொடங்கினாள். அம்மா அவள் கையைப் பிடித்து அமுக்கினாள்.

ஆர்னி அந்தப் பொத்தானைப் பார்த்தான். சாதாரண வெள்ளைப் பொத்தான். எட்டு மாதமாக யார் எது கேட்டாலும் பரவாயில்லை என்றே சொல்லிவந்தான். மாரிட்டின் உடுப்புகளை எடுத்துக்கொண்டு போகட்டுமா என்றார்கள், பரவாயில்லை என்றான். அவள் கார் விற்றாயிற்று. அதுவும் பரவாயில்லை. கல்லில் கரினின் வாசகம் விழப் போகிறது. அதற்கும் அதையே சொல்லியிருப்பான்.

"எனக்கு வேணும்" என்றான்.

"இப்பதான் வேண்டாம்னே."

"தப்பா சொல்லிட்டேன். எனக்கு அது வேணும்." குரல் உயர்ந்தது. அவனுக்கே அது யார் குரல் என்று தெரியவில்லை. "காபி வேண்டாம். கேக் வேண்டாம். அது மட்டும் வேணும். அதுல என் மனைவி இருக்கா. வேற எங்கயும் இல்ல. கொடுங்க."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தக் குடும்பத்தில் யாரும் மற்றவர் வீட்டில் உட்கார்ந்து 'கொடுங்க' என்று சொன்னதில்லை.

வில்ஹோ பொத்தானைக் கழற்றினார். "இதை முதல்லயே சொல்ல வேண்டியதுதானே" என்றார். கோபம் இல்லை. ஒரு தகவல்போலச் சொன்னார். கேசட்டை ஆர்னியின் உள்ளங்கையில் வைத்தார்.

"அந்தப் பொண்ணா," என்றார் பிறகு. "ரொம்பக் கடைசியில பேசுவா. அப்புறம் கதவு சாத்தும், முடிஞ்சிடும்." கரின் பக்கம் திரும்பினார். "அப்ப நீதான் கரினா?"

"ஆமா. ஏன்?"

அவளை மேலும் கீழும் பார்த்தார். "ஒல்லியாத்தான் இருக்கே."

கரினுக்கு எப்படி எடுத்துக்கொள்வது என்று புரியவில்லை. "நன்றி" என்றாள்.

"இங்கயே போடு" என்றார் வில்ஹோ, ரெக்கார்டரை நகர்த்தி. "வண்டியில போட்டா என்ஜின் சத்தம் கெடுக்கும்."

"அது உண்மைதான்" என்றாள் அம்மா.

ஆர்னி கேசட்டைப் போட்டு, முன்னால் ஓட்டினான். நிறுத்தினான். விரலை அடுத்த பொத்தானின்மேல் வைத்தான். அழுத்தவில்லை. ஆச்சரியமாக, கரின்கூட அவசரப்படுத்தவில்லை. அவர்களுக்காக வில்ஹோ எழுந்து போய்க் கேட்காமலேயே மூன்று கோப்பை காபி ஊற்றினார்.

அழுத்தினான்.

ஃபிரிட்ஜ் முனகியது. சோபாவில் அவன் மரம் அறுத்தான். ஒன்றுமே தெரியாமல், நிம்மதியாக, இழுத்து இழுத்து அறுத்தான். எங்கோ வெளியே பனி தள்ளும் மண்வெட்டி சுரண்டியது. அது அம்மா.

காலணி அணிந்த காலடிகள் வந்தன. சொத்தென்று ஃபிரிட்ஜ் கதவு திறந்தது. முனகல் பெரிதாயிற்று. ஒரு மூடி திருகும் ஓசை. கண்ணாடி ஜாடியில் முள்கரண்டி பட்டது. கிண். சற்று நேரம் ஒன்றுமில்லை. மறுபடி கிண். அவசரமில்லாத ஓசை. பிறகு மூடி, கதவு. மேலங்கி ஜிப் ஏறியது. சாவிக்கொத்து.

அம்மா ஆர்னியின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். இதற்கு மேல் ஒரே ஒரு வார்த்தையைத்தான் அவள் கேட்டிருந்தாள்.

மைக்குக்கு மிக அருகில் ஒரு மூச்சு. ஃபிரிட்ஜ் விக்கிவிட்டு நின்றது. அந்த அமைதியில், எதையோ மென்றுகொண்டே, மாரிட் பேசினாள்.

"வெர்னா, ஊறுகாய் மீன் காலி. ஆர்னி எழுந்து கேட்டா, கரின் வந்து தின்னுட்டுப் போயிட்டான்னு சொல்லிடுங்க."